மினேலியா போகாத இடங்கள்

கொசுமெல் தீவில் சுற்றுலாக் கப்பலை விட்டு இறங்கி வருகிறவர்களின் கால்களைத்தான் மினேலியா சுக் முதலில் பார்ப்பாள். புதுச் செருப்பு, குதிகாலில் பிளாஸ்திரி என்றால் பழங்காலக் கோவில் இடிபாடுகளுக்கு அனுப்பக் கூடாது. கணவன் நாலடி முன்னே, மனைவி பின்னே கைப்பையை இறுக்கிக்கொண்டு வந்தால் காலையிலேயே கப்பலில் ஏதோ சண்டை. அவர்களைச் சின்னப் படகில் ஏற்றிவிட்டால் படகுக்காரனுக்குத்தான் தலைவலி. ரப்பர்ச் செருப்பும் ஏற்கெனவே சிவந்துபோன தோளுமாக வந்தால் நிழல் உள்ள இடம். இப்படி, ஆள் வாசலைத் தாண்டுவதற்குள் அவருக்கு எந்த உலா என்று மனதில் முடிவு கட்டிவிடுவாள். வாயைத் திறப்பது அதற்கப்புறம்தான்.

துறை வாசலில், வாசனைத் தைலக் கடைகளும் வெள்ளி நகைக் கடைகளும் முடிகிற இடத்தில், அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் மேசை, ஒரு நீலக் குடை, உலாக்களின் படங்கள் ஒட்டி உறை போட்ட ஓர் அட்டை. படகுக்காரர்களும் டாக்சிக்காரர்களும் சேர்ந்து நடத்துகிற சின்னச் சங்கம் அது. சங்கத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பது அவள் வேலை. சுற்றிலும் முப்பது பேர் "சார், மேடம், இங்க வாங்க, மலிவு மலிவு" என்று தொண்டை கிழியக் கூவுவார்கள். மினேலியா கூவ மாட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டு, வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பாள். கழிப்பறைக்கு வழி கேட்க வந்தவர்கள் உலாவுக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

ஒருநாள் கறுப்புக் கண்ணாடி போட்ட தகப்பன் ஒருவன், மனைவியோடும் மூன்று பிள்ளைகளோடும் வந்து, படத்தில் இருந்த நாலு சக்கர மோட்டார் வண்டிமேல் விரலை வைத்தான்.

"அது வேணாம் சார்," என்றாள் மினேலியா.

"ஏன்? நல்லா இருக்கும்னு சொன்னாங்களே?"

"உங்களுக்கு நல்லா இருக்கும். உங்க சின்னப் பொண்ணு இப்பவே தூங்கி விழுறா. காட்டுப் புழுதியில ரெண்டு மணி நேரம் குலுங்கினா உங்க சட்டை மேலதான் வாந்தி எடுப்பா. எல் சியேலோ மணல் திட்டுக்குப் போங்க. நடுக்கடல்தான், ஆனா தண்ணி இடுப்பு மட்டும்தான். கீழ நட்சத்திர மீனுங்க படுத்திருக்கும். சாயங்காலம் நீங்களே வந்து எனக்கு நன்றி சொல்லுவீங்க."

சொன்னான். சின்னப் பெண்ணும் சொன்னாள்.

சில பேருக்கு அவள் எதையுமே விற்க மாட்டாள். முழங்காலைப் பிடித்துப் பிடித்து நடந்துவந்த ஒரு வயதான அம்மாளையும் அவள் கணவரையும் பார்த்து, "உங்களுக்கு உலாவெல்லாம் எதுக்கு? நேரா போய் வலது பக்கம் திரும்பினா பூங்கா. மர நிழல்ல பெஞ்சு இருக்கு. தேங்காய் ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிடுங்க. மூணரை மணிக்குக் கப்பலுக்குக் கிளம்புங்க. அதான் உங்க உலா," என்று சொல்லி அனுப்பிவிட்டாள். டாக்சிக்கார ஹசிந்தோ அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"தோன்யா மினே, வர்ற ஆளையெல்லாம் பெஞ்சுக்கு அனுப்பினா என் வண்டியில யாரு ஏறுவா? பெஞ்சு சங்கத்துல சேர்ந்திருக்கா?"

"அந்த அம்மா முட்டியப் பார்த்தியா நீ? உன் வண்டியில ஏறி இறங்கவே அவங்களுக்கு அரை நாள் போயிடும்."

"என் வண்டிக்கு என்ன?"

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல. ஓட்டுறவன்தான் வாயை மூட மாட்டேங்கிறான்."

தோன்யா என்பது அந்தப் பக்கத்தில் பெரிய மனுஷிக்கு வைக்கிற மரியாதை. மினேலியாவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. குள்ளம், உருண்டை முகம், காதில் சின்னத் தங்க வளையம். எதிர்க்கரையில், யுக்கத்தான் உள்நாட்டில், சோளக் காட்டுக்கு நடுவில் ஒரு சின்ன ஊரில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் ஓட்டலில் அறை கூட்டுகிற வேலைக்கென்று தீவுக்கு வந்தாள். அன்றைக்கென்று வடகாற்று அடித்தது. நாற்பத்தைந்து நிமிடம் படகில் வந்த அந்த வழி முழுக்கக் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்து, கரையில் இறங்கியதும் மண்ணைத் தொட்டு, "இனிமே செத்தாலும் படகு ஏற மாட்டேன்" என்று சத்தியம் பண்ணினாள். ஊரில் கல்யாணமோ சாவோ வந்தால் வேறு வழியில்லாமல் பெரிய படகில் போவாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு. மற்றபடி கடல் அவளுக்குக் கணுக்கால் வரைக்கும்தான்.

ஆனால் அந்தக் கடலைப் பற்றி அவள் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். பலன்கார் பவளப்பாறையின் பள்ளங்களை வீட்டு அறைகளைப் போல் சொல்லுவாள். "அங்க ஒரு வளைவு இருக்கு, அதுக்குள்ள நுழைஞ்சு வெளிய வந்தா வெளிச்சம் பச்சையிலிருந்து நீலமா மாறும். ஆமை ஒண்ணு வரும். அவசரமே இல்லாம, தூக்கத்துல புரண்டு படுக்கிற மாதிரி ஒரு பக்கமா சாஞ்சு திரும்பும்." எல்லாம் கேட்டுச் சேர்த்தது. சாயங்காலம் நனைந்த தலையோடு திரும்பி வருகிறவர்களை நிறுத்தி, "என்ன பார்த்தீங்க? சொல்லுங்க, சொல்லுங்க," என்று விடாமல் கேட்பாள். ஆமை புரண்டு படுத்தது ஒரு பள்ளிக்கூட வாத்தியார் சொன்னது. பச்சை நீலமாக மாறியது, தேனிலவுக்கு வந்த ஒரு பையன் சொன்னது. இருபத்துமூன்று வருஷமாக ஆயிரக்கணக்கான பேர் பார்த்ததையெல்லாம் அவள் தலைக்குள் அடுக்கி வைத்திருந்தாள். அவள் ஓர் உலாப் படகிலும் ஏறியதில்லை என்பது யாருக்கும் தோன்றவே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கேட்டவள் ஹால்வர்சன் அம்மாள்.

வடக்கே, வருஷத்தில் பாதி நாள் பனி மூடிக்கிடக்கும் ஒரு சமவெளி ஊரில் தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நெட்டையான ஒல்லி உடம்பு, கையில் ஒரு நோட்டுப் புத்தகம். அதில் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, என்னென்ன உலா, எத்தனை மணி நேரம், எத்தனை பேர் போவார்கள், மழை வந்தால் என்ன என்று கட்டம் போட்டு எழுதியிருந்தாள். முப்பது மேசைக்கும் போய்விட்டுக் கடைசியாகத்தான் மினேலியாவிடம் வந்தாள்.

"எல்லாரும் எல்லாமே பிரமாதம்னு சொல்றாங்க," என்றாள். "எனக்கு இருக்கிறது ஒரே ஒரு நாள். இதுல உங்களுக்குப் பிடிச்சது எது? விக்கிறதுக்காகச் சொல்லாதீங்க. உங்களுக்கு."

மினேலியா வழக்கமாக, "ஒவ்வொண்ணும் ஒரு அழகு" என்பாள். அந்த அம்மாள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற நிற்பில் அது வாயில் வரவில்லை. "பவளப்பாறை," என்றாள். அப்புறம் ஆமையைச் சொன்னாள், வளைவைச் சொன்னாள், வெளிச்சத்தைச் சொன்னாள். ஹால்வர்சன் அம்மாள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கண் லேசாகக் கலங்கிவிட்டது. நோட்டை மூடிவிட்டுப் பெயர் கொடுத்தாள்.

சாயங்காலம் மூன்று மணிக்குத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள். மேசைக்கு முன்னால் நின்று மினேலியாவையே பார்த்தாள்.

"ஆமை வரல," என்றாள்.

"சில நாள் வராதும்மா."

"அது பரவாயில்ல. நீங்க சொன்ன வளைவு எங்க இருக்குன்னு கேப்டன்கிட்ட கேட்டேன். மேசைக்கார அம்மா சொன்னாங்கன்னு சொன்னேன். அவர் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். நீங்க ஒரு நாளும் அவர் படகுல கால் வச்சதில்லையாமே?"

மினேலியாவுக்குக் காது சூடாகிவிட்டது. அட்டையை எடுத்தாள், கீழே வைத்தாள்.

"எனக்குக் கோபம் இல்ல," என்றாள் அந்த அம்மாள். "நல்ல நாள்தான் இன்னைக்கு. ஆனா நான் உங்களுக்குப் பிடிச்சது எதுன்னு கேட்டேன். அதுக்குப் பதில் எனக்கு இன்னும் கிடைக்கல." கையைக் குலுக்கிவிட்டுக் கப்பலை நோக்கிப் போய்விட்டாள். அதற்கப்புறம் அவளை யாரும் அங்கே பார்க்கவில்லை.

அடுத்த கப்பல் ஆட்கள் வருவதற்குள் மினேலியா படகுத் துறைக்கு நடந்தே போனாள். கேப்டன் நிகானோர் படகைக் கழுவிக்கொண்டிருந்தார். அறுபது வயது, கறுத்துக் காய்ந்த உடம்பு, தலையில் எந்த நிறம் என்று சொல்ல முடியாத ஒரு தொப்பி.

"ஏன்யா என்னைக் காட்டிக் குடுத்தே?"

"யாரு காட்டிக் குடுத்தது? அந்த அம்மா கேட்டாங்க, சொன்னேன். நீ சொன்ன வளைவு இருக்கே, அது இருக்கிறது கொலம்பியாங்கிற வேற பாறையில. பலன்கார்ல இல்ல. ரெண்டையும் ஒண்ணாக் குழைச்சு வச்சிருக்கே."

"இருபத்துமூணு வருஷமா அப்படித்தான் சொல்றேன். ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

"நீ என்ன சொல்றேன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் தண்ணியில, நீ தரையில." நிகானோர் குழாயை நிறுத்தினார். குரல் மாறிவிட்டது. "ஏம்மா மினே, நிஜமாவே ஒரு தடவைகூட வந்ததில்லையே நீ. என் படகை நிரப்பினதே நீதான். நான் ஒரு நாளாவது கூப்பிட்டிருக்க வேணாமா? எனக்கே வெக்கமா இருக்கு."

விஷயம் ஒரு மணி நேரத்தில் துறை முழுக்கப் பரவியது. ஹசிந்தோ ஓடி வந்தான். "என் வண்டியில சான் ஹெர்வாசியோ இடிபாட்டுக்கும் வந்ததில்லையா நீங்க?" இல்லை. மேசைக்குப் பக்கத்தில் சோள அப்பம் பொரித்து, வான்கோழிக் கறியும் வெங்காயமும் வைத்து விற்கிற ஒஃபேலியா, "சமையல் வகுப்பு? கடற்கரை விடுதி? அந்தக் குலுங்குற வண்டி?" என்று படம் படமாகத் தொட்டுக் கேட்டாள். இல்லை, இல்லை, இல்லை.

"அடிப்பாவி!" என்றாள் ஒஃபேலியா. "ஊருக்கெல்லாம் பொண்ணு பார்த்து வைக்கிற கன்னியாஸ்திரீ மாதிரி இருந்திருக்கியே!"

செப்டம்பரில் கப்பல்கள் குறைந்துவிடும். புயல் காலம், ஆனால் புயல் வராத நாட்களில் கடல் தட்டு மாதிரி கிடக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு கப்பலும் இல்லை என்று பட்டியல் வந்தது. அன்றைக்கு மினேலியா ஏதாவது ஓர் உலா போயே ஆக வேண்டும், எது என்று அவளே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சங்கத்தில் முடிவாயிற்று. சனிக்கிழமை ஐந்து மணிக்குக் கடைசிக் கப்பல் ஊதிவிட்டுக் கிளம்பியதும், நிகானோர் போய் மினேலியாவின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அட்டையை எடுத்து அவளைப் போலவே விசிறினார். குனிந்து அவள் கால்களை உற்றுப் பார்த்தார்.

"வாங்க மேடம். செருப்பு பழசு, நல்லா நடப்பீங்க. ஆனா நடக்குற முகம் இல்ல இது."

"சும்மா இருய்யா," என்றாள் மினேலியா. ஆனாலும் மேசைக்கு முன்னால் நின்றாள். படங்களைப் பார்த்தாள். இத்தனை வருஷம் தலைகீழாகவே பார்த்துப் பழகிய படங்கள் நேராகத் தெரிந்தன.

"இடிபாட்டுக்குப் போங்க தோன்யா," என்றான் ஹசிந்தோ. "பழைய காலத்துல பொம்பளைங்க கடல் தாண்டி வந்து கும்பிட்ட எடம்."

"அந்த மாதிரிக் கல்லு எங்க ஊர்ல பன்னிக் கொட்டகைக்கு அடியிலயே கிடக்கு."

"அப்ப சமையல் வகுப்பு," என்றாள் ஒஃபேலியா.

"முப்பது வருஷமா அடுப்புல வெந்தது பத்தலையா?"

"கடற்கரை விடுதியில சாய்வு நாற்காலி, குடை, குளிர்ந்த பானம்."

"அங்க மழை வந்தா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டாள் மினேலியா.

ஒஃபேலியா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"கழிப்பறை சுத்தமா இருக்குமா? திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகும்? படகுன்னா எத்தனை பேர் இருப்பாங்க? பாதியில எனக்கு வேணாம்னு தோணினா திருப்பிக் கொண்டாந்து விடுவாங்களா?"

ஒஃபேலியா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். ஒவ்வொன்றும் கப்பலில் வருகிறவர்கள் கேட்கிற கேள்வி. எந்தக் கேள்விகளைச் சொல்லிச் சொல்லி மினேலியா சாயங்காலங்களில் ஒஃபேலியாவோடு உட்கார்ந்து சிரித்தாளோ, அதே கேள்விகள், அதே வரிசையில். மினேலியாவுக்கும் அது உறைத்தது. சிரிப்பு வரவில்லை. இத்தனை பேரும் பயந்துதான் கேட்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. ஒரே ஒரு நாளை வைத்துக்கொண்டு, அதை வீணாக்கிவிடுவோமோ என்ற பயம்.

முதலில் கடற்கரை விடுதி என்றாள். பத்து நிமிடம் கழித்து அதை மாற்றி இடிபாடு என்றாள். ஹசிந்தோ வண்டியைத் துடைக்கப் போனான். அவன் திரும்பி வருவதற்குள் மறுபடியும் மாற்றிவிட்டாள்.

"எல் சியேலோ. தண்ணி இடுப்பு மட்டும்தானே?"

"உனக்கு மார்பு மட்டும் வரும்," என்றார் நிகானோர். "நீ குள்ளம்."

வீட்டில் அவள் கணவன் கிரசென்சியோவிடம் சொன்னாள். சுவருக்கு வண்ணம் அடிக்கிறவன், பேச்சு குறைவு. இருபத்தேழு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவன் அதிகம் சொன்ன வார்த்தை "சரி"தான். வலையூஞ்சலில் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான்.

"நானும் வரேன்," என்றான்.

"நீ எதுக்கு?"

"நீ விழுந்தா யாரு தூக்குறது?"

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் படகு கிளம்பியது. நிகானோர், மினேலியா, கிரசென்சியோ, வாழை இலையில் சுட்ட பன்றிக்கறியும் சோள ரொட்டியும் சுமந்து ஒஃபேலியா, வரவே மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தோல் ஷூவோடு வந்து நின்ற ஹசிந்தோ. மினேலியா லைஃப் ஜாக்கெட்டை வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு வந்திருந்தாள். படகின் நடுவில், இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூக்கில் எலுமிச்சம்பழம்.

"கண்ணைத் திற," என்றாள் ஒஃபேலியா.

"திறந்தா வாந்தி வரும்."

"மூடினாத்தான் வரும். திற."

திறந்தாள். கடல் ஆடவே இல்லை. கீழே மணல் வரி வரியாகத் தெரிந்தது. வாந்தி வரவில்லை என்பதை நம்ப முடியாமல் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அப்புறம் எலுமிச்சம்பழத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

எல் சியேலோவில் நங்கூரம் போட்டதும் அவள் ஏணியைப் பார்க்கத் திரும்பினாள். அதற்குள் பக்கத்தில் 'தொப்' என்று ஒரு சத்தம். கிரசென்சியோ இல்லை. சட்டை மட்டும் பலகைமேல் கிடந்தது.

"ஐயோ, விழுந்துட்டாரு!" என்று கத்தினாள்.

படகுக்கு அந்தப் பக்கம், நல்ல தூரத்தில், ஒரு தலை எழுந்தது. மறுபடியும் மூழ்கியது. நீண்ட கையும் காலுமாக அந்த மனிதன் தண்ணீருக்கு அடியில் ஒரு நிழல் போல வழுக்கிக்கொண்டு படகின் கீழே நுழைந்து, இந்தப் பக்கம் வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தான். வீட்டில் கதவு நிலை இடிக்காமல் நடக்கத் தெரியாத ஆள்.

"நீ நீந்துவியா?"

"தீவுல பொறந்தவன்டி நான்."

"அது எனக்குத் தெரியும். நீ நீந்திப் பார்த்ததில்லையே." அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். "இத்தனை வருஷத்துல நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையே."

கிரசென்சியோ ஏணியடியில் வந்து நின்று கையை நீட்டினான். "இப்பப் பாரு. இறங்கு."

இறங்கினாள். தண்ணீர் நிகானோர் சொன்ன மாதிரியே மார்பு வரைக்கும் வந்தது. நட்சத்திர மீன்கள் கிடந்தன. தேங்காய் ரொட்டி நிறத்தில், தட்டு அகலத்தில், ஓர் அசைவும் இல்லாமல். "தொடாதே, வெளிய எடுத்தா செத்துரும்," என்றார் நிகானோர் மேலேயிருந்து. "எனக்கே சொல்லித் தர்றியா? அந்த வாக்கியம் நான் விக்கிற வாக்கியம்," என்றாள் அவள். ஒஃபேலியாவும் இறங்கினாள். ஹசிந்தோ ஷூவைக் கழற்றிவிட்டு, கால்சட்டையைச் சுருட்டிவிட்டு, ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்து கறியும் ரொட்டியும் தின்றான்.

திரும்புகிற வழியில் நிகானோர், ஆழமில்லாத ஒரு பவளப்பாறைக்கு மேல் படகை நிறுத்தினார். மினேலியா அவரைப் பார்த்தாள். அவர் நீர்க்கண்ணாடியையும் மூச்சுக்குழாயையும் எடுத்துப் பலகைமேல் வைத்துவிட்டு, கயிற்றைச் சரிசெய்கிற மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதல் தடவை முகத்தை உள்ளே விட்டதும் மூக்கு வழியாக மூச்சு இழுத்தாள். கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. இருமி, துப்பி, மாதாவைக் கூப்பிட்டு, ஏணியைக் கட்டிக்கொண்டாள். "போதும், வந்துரு," என்றாள் ஒஃபேலியா. "சும்மா இரு," என்றாள் இவள். கிரசென்சியோ கண்ணாடியை வாங்கி, எச்சில் துப்பித் தேய்த்து, கழுவி, அவள் முகத்தில் மறுபடி மாட்டி, வாரைத் தலைமுடிக்கு மேல் இழுத்துவிட்டான். ஒரு கை ஏணியில், ஒரு கை அவன் தோளில். இரண்டாவது தடவை.

ஆமை இல்லை. வளைவும் இல்லை. மஞ்சளும் நீலமுமாக மீன்கள் இருந்தன. அவை இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். விசிறி மாதிரி ஒன்று ஊதா நிறத்தில் ஆடியது, அதுவும் தெரியும். அவளுக்குத் தெரியாதது சத்தம். பட் பட் பட்டென்று, எல்லாப் பக்கமிருந்தும், காய்ந்த சட்டியில் பூசணி விதையைப் போட்டு வறுக்கும்போது பொரியுமே, அதே சத்தம். தண்ணீருக்கு அடியில் யாரோ பெரிய அடுப்பு மூட்டி உட்கார்ந்திருக்கிற மாதிரி. மூச்சு விடுவதை நிறுத்திக் கேட்டாள். கிளிமீன் ஒன்று பாறையைக் கடித்தது. அதுவும் தெளிவாகக் கேட்டது, நறுக்கென்று.

தலையை வெளியே எடுத்தாள். சத்தம் போய்விட்டது. உள்ளே விட்டாள், வந்தது. வெளியே எடுத்து, குழாயை வாயிலிருந்து பிடுங்கினாள்.

"பொரியுது!" என்றாள்.

"என்ன பொரியுது?"

"கடல் பொரியுதுய்யா! பூசணி விதை மாதிரி. கேக்கல உங்களுக்கு?"

நிகானோர் தலையைச் சொறிந்தார். "அதுவா... அது எப்பவும் கேக்கும். பாறைக்குள்ள குட்டி இறாலுங்க சொடுக்குப் போடும்னு சொல்வாங்க."

"எப்பவும் கேக்குமா? இருபத்துமூணு வருஷம்! ஆயிரம் பேரைக் கேட்டிருக்கேன். மீனோட நிறம் சொன்னாங்க, பாறையோட நீளம் சொன்னாங்க. சத்தம் இருக்குன்னு ஒருத்தன் சொல்லலையே! நீயாவது சொன்னியா?"

"நான் அதை மறந்தே போயிட்டேன் மினே," என்றார் நிகானோர். சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றி வைத்து, அறுபது வயதில், தன் படகிலிருந்து தானே குதித்து, தலையை உள்ளே விட்டுக் கேட்டார். மேலே வந்து, "ஆமா," என்றார். "பூசணி விதைதான்."

அன்றைக்கு அவள் ஏணியை விடவே இல்லை. முக்கால் மணி நேரம். முதுகு வெந்துபோயிற்று. வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்துக்கொண்டு கிரசென்சியோவை மருந்து தடவச் சொன்னாள். தடவும்போது அவன், "அந்த ஊதா விசிறியப் பார்த்தியா?" என்று கேட்டான். அதற்கப்புறம் இரண்டு பேரும் விளக்கைக்கூடப் போடாமல் சாப்பாட்டு நேரம் வரை பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் வாயிலிருந்து அத்தனை வார்த்தைகள் ஒன்றாக வந்து அவள் கேட்டதில்லை.

திங்கட்கிழமை மூன்று கப்பல் வந்தது. முதலில் வந்த ஜோடியிடம் மினேலியா, "கடலுக்குள்ள சத்தம் கேக்கும்!" என்று ஆரம்பித்தாள். அந்தப் பெண் கணவனைப் பார்த்தாள். "என்ன சத்தம்? ஆபத்தா?" இல்லை, இறால், பூசணி விதை, சட்டி என்று அவள் விளக்க விளக்க அவர்கள் பின்னால் நகர்ந்து பக்கத்து மேசைக்குப் போய்விட்டார்கள். இரண்டாவது ஆளிடம் கால் மணி நேரம் பேசினாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்த வாரம் நிகானோரின் படகு பாதிதான் நிரம்பியது.

"முன்னாடி பொய் சொன்னே, படகு நிறைஞ்சுது," என்றார் நிகானோர். "இப்ப உண்மை சொல்றே, பலகை காத்து வாங்குது."

"பொய் இல்லய்யா அது. அடுத்தவங்க உண்மை."

"அதையே சொல்லேன் மறுபடி."

"வாய் வர மாட்டேங்குது."

கொஞ்ச நாளில் பேச்சு தானாகவே ஓர் அளவுக்கு வந்தது. கொலம்பியாவின் வளைவைக் கொலம்பியாவுக்கே கொடுத்துவிட்டாள். ஆமையை, "ஒரு வாத்தியார் சொன்னாரு" என்று சொல்லியே சொன்னாள். யாராவது தயங்கி நின்றால், "எனக்கும் நீந்தத் தெரியாது. போனேன். முக்கால் மணி நேரம் ஏணியப் பிடிச்சுட்டே இருந்தேன். அப்படியும் நல்லா இருந்துச்சு," என்பாள். தண்ணீருக்குப் பயந்தவர்கள், கணவன் மட்டும் போகட்டும் நான் கரையிலேயே இருக்கிறேன் என்கிற மனைவிகள், வயதானவர்கள், இவர்களெல்லாம் அவள் மேசையைத் தேடி வர ஆரம்பித்தார்கள். நிகானோர் முணுமுணுத்துக்கொண்டே படகின் இடப் பக்கத்துக்கும் ஓர் ஏணி வாங்கினார். ஒரே ஏணியில் ஏழு பேர் தொங்க முடியவில்லை.

கப்பல் இல்லாத மற்ற நாட்களில் அவள் மீதி உலாக்களுக்கும் போனாள். சமையல் வகுப்பில் தலைநகரத்திலிருந்து வந்த இளம் சமையல்காரர் மிளகாய்ச் சட்னிக்கு ஆரஞ்சுச் சாறு ஊற்றச் சொன்னதும், நாரத்தைச் சாறுதான் ஊற்ற வேண்டும் என்று எழுந்து நின்று சண்டை போட்டாள்; கடைசியில் வகுப்பை அவளே நடத்தி முடித்தாள். நாலு சக்கர வண்டி அவளுக்கு எதிர்பாராத அளவுக்குப் பிடித்துவிட்டது. அதற்கப்புறம் கறுப்புக் கண்ணாடிக்காரர்களைத் தடுப்பதில்லை. பிள்ளைகள் இருந்தால் மட்டும் தடுப்பாள். ஹசிந்தோவின் வண்டியில் இடிபாட்டுக்குப் போய்விட்டு வந்த மறுநாள், ஒரு கப்பல் பயணி அதைப் பற்றிக் கேட்டபோது, "கொசு கடிக்கும், நிழல் உண்டு, வழி முழுக்க டிரைவர் பேசுவான்," என்று சொன்னாள். ஹசிந்தோ இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அந்தப் பயணியோ, பேசுகிற டிரைவர்தான் வேண்டும் என்று கேட்டு அவன் வண்டியிலேயே ஏறினார்.

இப்போது கடைசிக் கப்பல் கிளம்பின பிறகு மினேலியா நேராக வீட்டுக்குப் போவதில்லை. மேசையை மடித்து ஒஃபேலியாவிடம் கொடுத்துவிட்டு, ஊருக்குத் தெற்கே பாறை குறைவாக உள்ள ஒரு சின்னக் கரைக்குப் போகிறாள். கையில் சுண்ணாம்புக் கறையோடு கிரசென்சியோ அங்கே காத்திருப்பான். அவள் மல்லாக்கப் படுக்க, அவன் முதுகுக்கு அடியில் உள்ளங்கையை வைத்துத் தாங்குகிறான். கொஞ்சம் கொஞ்சமாகக் கையை எடுத்துவிட்டு எண்ணுகிறான். அக்டோபரில் மூன்று வரைக்கும் மிதந்தாள். கிறிஸ்துமஸுக்குள் பன்னிரண்டு. பதின்மூன்றில் கால் தரையைத் தேடிக் கீழே போய்விடுகிறது, உடனே அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்துகிறாள்.

"ஏன் கையை எடுத்தே?"

"நீதான் எடுக்கச் சொன்னே."

"சொன்னா உடனே எடுத்துருவியா? மறுபடியும் முதல்லேர்ந்து எண்ணு."

"சரி," என்கிறான் அவன்.